வேலூரில் வீட்டில் வைத்த ரம்புட்டான், சப்போட்டா இரண்டுக்கும் இலை ஓரம் கருகுகிறது. என்ன உரம் போடலாம்?

எந்த உரமும் வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒரு கைப்பிடிகூடப் போடாதீர்கள். முதலில் மண்ணில் சேர்ந்திருக்கிற உப்பு வெளியே போகட்டும்.

காட்பாடி பக்கம் வீடு, போர் தண்ணீர், ரம்புட்டான் மாடித் தொட்டியில், சப்போட்டா தரையில் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதாத ஒன்றையும் யூகிக்கிறேன்: சமையலறை ஆர்.ஓ. மெஷின் தள்ளிவிடும் தண்ணீரை, வீணாகப் போகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறீர்கள். நம் ஊரில் பாதி வீட்டு மாடிகளில் இதுதான் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராம் கணக்கில்) உள்ள போர் தண்ணீர் 3 லிட்டர் மெஷினுக்குள் போய், 1 லிட்டர் குடிக்க வருகிறது என்றால், அந்த 3 லிட்டரின் உப்பு முழுவதும் கிட்டத்தட்ட மீதி 2 லிட்டரில் இறங்கிவிடும். அந்த 2 லிட்டரின் டி.டி.எஸ். 1,400-ஐத் தாண்டும். அதில் தரை துடைக்கலாம், பாத்திரத்தை முதல் கழுவு கழுவலாம். பழச்செடிக்கு ஆகாது.

வெறும் போர் தண்ணீரே ஊற்றினாலும் தொட்டிக்கு ஆபத்துதான். 1,000 டி.டி.எஸ். தண்ணீர் தினம் 5 லிட்டர் என்றால் மாதம் 150 கிராம் உப்பு உள்ளே போகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மே மாத வெயிலில் தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது இந்த உப்புதான்.

உப்புக் கருகல்தானா என்று இலையே சொல்லும். முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கி ஓரமாகவே உள்ளே நகரும். கருகிய பகுதி பழுப்பாக மொறுமொறு என்று உடையும், நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். தண்ணீர் போதாவிட்டால் இலை முழுவதும் துவளும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் கோளாறு. சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீரில் அதுவும் வரும். மூன்றுக்கும் ஒரே டானிக்கை ஊற்றச் சொல்கிற வீடியோக்களை நம்பாதீர்கள்.

தொட்டியை அலசும் முறை இது. அடியில் உள்ள ஓட்டைகள் அடைபடாமல் இருக்க வேண்டும், கீழே தட்டு கூடாது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீர், 60 லிட்டர் தொட்டி என்றால் 120 லிட்டர், இரண்டு மூன்று மணி நேரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். மழைநீர் உத்தமம். போர் தண்ணீரே ஆனாலும் தொட்டி மண்ணில் இருப்பதைவிட அதில் உப்பு குறைவு என்பதால் ஓரளவு கழுவிக்கொண்டு போகும். பிறகு மேல் மண் விரற்கடை அளவு காய்ந்த பின்னரே அடுத்த தண்ணீர். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதுதான் உப்பை மேலேயே நிறுத்திவிடும். ஊற்றும்போது அடியில் வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள்.

"நான் போட்டது இயற்கை உரமாச்சே" என்பவர்களுக்கு: இயற்கை உரத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மக்காத கோழி எருவில் உப்பு அதிகம். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியிலும் உண்டு. அதை ஊறவைத்துப் பிழிந்தால் முதலில் டிக்காஷன் நிறத்தில் வடியும். நிறம் வெளுக்கும்வரை நான்கைந்து முறை அலசிவிட்டுக் கலக்குங்கள்.

சப்போட்டா உப்பை ஓரளவு தாங்குகிற மரம். அதுவே கருகுகிறது என்றால் எனக்குச் சந்தேகம் குழி மீதுதான். நம் பக்கம் இரண்டடிக்குக் கீழே சரளையோ பாறையோ வந்துவிடும். தண்ணீர் இறங்க வழியில்லாத குழியும் தொட்டியும் ஒன்றே. மரத்திலிருந்து நாலடி தள்ளி ஒன்றரை அடி ஆழம் தோண்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால், மரத்தின் சரிவுப் பக்கமாக ஒரு வடிகால் வெட்டி அதில் சரளைக் கல் நிரப்ப வேண்டும்.

அப்படியே தண்டின் அடியையும் பாருங்கள். சப்போட்டா ஒட்டை பெரும்பாலும் பாலை மரக் கன்றின் மேல்தான் கட்டுவார்கள். சப்போட்டா இலை நுனி குறுகிக் கூர்ந்திருக்கும். பாலை இலை தடித்து, நுனியில் கூர் இல்லாமல் நடுவே லேசாகப் பிளந்தாற்போல் உள்வாங்கியிருக்கும். ஒட்டுக்குக் கீழிருந்து அப்படி ஒரு தளிர் கிளம்பியிருந்தால் உடனே கிள்ளுங்கள். விட்டால் பாலை ஜெயித்து, சப்போட்டா பட்டுப்போகும். ஒட்டு மண்ணுக்குள் புதையவும் கூடாது, நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். தெருவில் வண்டியில் ஒட்டுக்கன்று என்று விற்பவர்களிடம் அந்த ஒட்டுத் தழும்பைக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே, கெடுத்தவர்தான் ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் எத்தனையோ கிணறுகளில் உப்பு மாறவில்லை. மணலையும் அள்ளியாகிவிட்டது. ஒரு எலுமிச்சங்கன்று வைக்க டி.டி.எஸ். மீட்டர் தேடும் நிலைக்கு ஆற்காட்டுச் சீமை வந்தது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் மழைநீரைப் பிடியுங்கள். ஒரு சதுர மீட்டர் தளத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 500 சதுர அடி மாடியில் 20 மி.மீ. பெய்தால் 900 லிட்டர். இரண்டு டிரம்மில் பிடித்து வைத்தாலே தொட்டிச் செடிகளுக்கு வாரக்கணக்கில் வரும். டிரம்மைக் கொசு புகாமல் வலை கட்டி மூடுங்கள். அடிமரத்தைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி, மூன்று அங்குலத்துக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) தோலோ கரும்புச் சோகையோ பரப்பினால் தண்ணீர் செலவு நன்றாகக் குறையும்.

ரம்புட்டான் விஷயத்தில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். கேரளாவிலும் குற்றாலத்திலும் காய்க்கிறதே என்பார்கள். அங்கே காற்றில் ஈரம் இருக்கிறது, இங்கே அக்னி நட்சத்திரத்தில் அனல் காற்று. வைத்திருக்க ஆசைப்பட்டால் மழைநீர் மட்டும் ஊற்றுங்கள், மேற்கு வெயில் படாத கிழக்குச் சுவர் ஓரம், மார்ச் முதல் ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை. விதைக் கன்றாக இருந்தால் ஆண் மரமாகவும் போகலாம், அப்போது காய்க்கவே காய்க்காது. இன்னொரு தொட்டிக்கு இடமிருந்தால் மாதுளை வையுங்கள். தரையில் இடமிருந்தால் லக்னோ 49 கொய்யா. கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் கிளை நுனியை அரை அடி வெட்டிவிட வேண்டும்.