கார்னர்பேக் மகனும் இரண்டு கட்சியான வீடும்

டெக்ஸஸ், ஃபிரிஸ்கோவிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பதினொன்றாம் வகுப்பு மகன், பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் கார்னர்பேக், அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைத் தடுப்பவன், மார்க்கும் நன்றாக வாங்குகிறான். கோவைப் பெரியப்பாவும் நியூஜெர்சி அத்தையும் பந்தை விட்டுவிட்டு நேரடி மருத்துவப் படிப்பில் சேரச் சொல்கிறார்கள். உங்கள் கணவரோ, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் கோடை முகாம் அழைப்பைப் பார்த்ததிலிருந்து பையன் டிவியில் ஆடப்போகிறான் என்று நம்புகிறார். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கவலைப்படாதீர்கள், இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆறுதல் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது உங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

பையனுக்கு டாக்டராக ஆசை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆசை பெரியப்பாவுக்கு. பின்னால் பையனுக்கே தோன்றினால் எந்தப் பட்டத்தோடும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதலாம். மைரான் ரோல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2010-இல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டிலும் தேர்வாகி, அதற்கப்புறம்தான் மருத்துவம் படித்து மூளை அறுவை சிகிச்சை நிபுணரானார்.

கணவருக்கு: அந்த முகாம் அழைப்பு ஊர் முழுக்கப் போவது. கட்டணம் கட்டுகிறவர்கள் எல்லோரும் வரலாம். கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த முதல் டிவிஷன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) அணிகளில் 105 பேருக்கு மேல் இடமில்லை. அந்த இடங்களுக்கும், வேறு கல்லூரியில் ஏற்கெனவே இரண்டு வருடம் ஆடிய பையன் கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வந்து நிற்கிறான். கார்னர்பேக்குக்கு வேகம்தான் முதல் கேள்வி. உங்கள் பையனைப் போல 40 கஜத்தை 4.7 வினாடியில், அதுவும் ஸ்டாப்வாட்ச் கணக்கில் ஓடும் பையனை அங்கே எடுத்தாலும் உதவித்தொகை இல்லாத வாக்-ஆனாகத்தான் எடுப்பார்கள். வெளிமாநிலம் என்றால் வருடம் 50,000, 60,000 டாலர் நீங்கள் கட்ட, அவன் நான்கு வருடம் பயிற்சியில் மட்டும் ஓடுவான். இதற்குக் கடன் வாங்காதீர்கள். ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடவே தொடாதீர்கள்.

நீங்கள் புகாராக எழுதிய ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஹடல் என்ற ஆட்ட வீடியோ தளத்தில் எதிரணி வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ரிசீவர் ஓரக்கோட்டிலிருந்து எத்தனை கஜம் தள்ளி நின்றான், பிறகு உள்ளே வெட்டினானா வெளியே வெட்டினானா என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் குறிக்கிறான் என்கிறீர்கள். அது நேர விரயம் இல்லை அம்மா, புள்ளியியல். கோட்டை ஒட்டி நிற்கும் ரிசீவருக்கு வெளியே ஓட இடமில்லை, அதனால் பெரும்பாலும் உள்ளேதான் வருவான். வேகம் குறைந்த கார்னர்பேக் பிழைப்பதே இந்தக் கணக்கில்தான். என்.எஃப்.எல். இதையே வீரர்களின் தோள்கவசத்தில் சில்லு வைத்து வினாடிக்குப் பத்து முறை அளக்கிறது. அந்தத் தரவைக் கொடுத்து வருடந்தோறும் பிக் டேட்டா போல் என்ற போட்டி வைக்கிறார்கள். மாணவர்களும் கலந்துகொள்ளலாம், அதில் தெரியவந்தவர்களை அணிகள் வேலைக்கும் எடுத்திருக்கின்றன.

ஆகவே நான் காட்டும் வழி, நம்மவர்கள் பேச்சில் வராத மூன்றாம் டிவிஷன். விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்றதும் நம்மவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாம் ஃபுட்பால் ஆடுவது இந்த டிவிஷனில்தான். உங்கள் மாநிலத்திலேயே சான் அன்டோனியோவில் டிரினிட்டி இருக்கிறது. உங்கள் பையன் அளவில், அவன் வேகத்தில் இருப்பவர்கள் இங்கே நிஜமாகவே களத்தில் இறங்குகிறார்கள். காயத்துக்கோ தேர்வுக்கோ ஆட்டத்தை விட்டாலும், வருமானத்தையோ மதிப்பெண்ணையோ பார்த்துக் கல்லூரி தரும் நிதியுதவி போகாது, அது ஆட்டத்தோடு கட்டப்பட்டதே இல்லை. இந்த ஆட்டத்தில் தலையில் அடிபடுவது சகஜம் என்பதால், எனக்கு இதுவே பெரிய விஷயம்.

விளையாட்டுத் துறையில் வேலைக்கும் இது முட்டுச் சந்து இல்லை. க்ளீவ்லேண்ட் அருகே ஜான் கேரோல் என்ற சிறிய மூன்றாம் டிவிஷன் கல்லூரி. என்.எஃப்.எல். பயிற்சியாளர்களிலேயே அதிக வெற்றி கண்ட டான் ஷூலா அங்கே படித்தவர். ஆடிய காலத்தில் அவரும் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்தான். ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் பொது மேலாளர் நிக் கசேரியோவும் பயிற்சியாளர் ஜாஷ் மெக்டேனியல்ஸும் அங்கே ஒரே அணியில் ஆடியவர்கள். 2025-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு என்.எஃப்.எல். கோப்பையான சூப்பர் போல் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் நிக் சிரியானி, மவுண்ட் யூனியன் என்ற இன்னொரு மூன்றாம் டிவிஷன் கல்லூரி மாணவர்.

செலவில் மட்டும் கறாராக இருங்கள். இந்தத் தனியார் கல்லூரிகள் பலவற்றின் அறிவித்த விலை வருடம் 80,000 டாலரைத் தாண்டும். எம்.ஐ.டி.யில் வருமானம் 2,00,000 டாலருக்குக் கீழ், சொத்தும் வழக்கமான அளவு என்றால் கல்விக் கட்டணமே இல்லை. எல்லா இடத்திலும் அப்படியில்லை, இருவரும் ஐ.டி.யில் சம்பாதிக்கும் வீட்டுக்கு உதவி குறைவாகவே வரலாம். உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைச் சொல்லும் நிகர விலை கணிப்பான் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும். வரித் தாக்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வாரமே போட்டுப் பாருங்கள்.

பயிற்சியாளர்களுக்கு மெயில் எழுத வேண்டியது பையன். நீங்களும் வேண்டாம், ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏஜென்சியும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு முடிந்த ஜூலையில், இந்தக் கல்லூரிகள் பலவற்றில் பயிற்சியாளர் மதிப்பெண் பட்டியலை அட்மிஷன் அலுவலகத்திடம் முன்கூட்டியே காட்டிக் கருத்துக் கேட்பார். நிதி அலுவலகத்தின் மதிப்பீட்டையும் அப்போதே கேட்கச் சொல்லுங்கள். எம்.ஐ.டி. மாதிரி இடங்களில் பயிற்சியாளர் சிபாரிசு இடத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் பையன் தெரிந்துகொள்ளட்டும். மற்ற இடங்களில் ஏர்லி டிசிஷன் போடச் சொல்வார்கள். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம் அது, பெற்றோர் கையெழுத்தும் கேட்பார்கள். நிகர விலை கையில் வரும்வரை அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.