கொதிக்க வச்சா ஃப்ளோரைடு போகாதுங்க

குடிதண்ணியைக் கொதிக்க வச்சா அதுல இருக்குற ஃப்ளோரைடுங்குற தாது போயிடுமான்னு கேட்டிருக்கீங்க. போகாது. தண்ணி ஆவியாகும், ஃப்ளோரைடு பாத்திரத்துலயே நிக்கும், அதனால லிட்டருக்குள்ள அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். சாதா கார்பன் ஃபில்டரும் பெருசா எடுக்காது, ஆர்ஓ ஃபில்டர் எடுக்கும்.

எட்டு வயசுப் பொண்ணுக்குப் புதுசா முளைச்ச முன்பல்லுல வெள்ளைத் திட்டுன்னு எழுதிருக்கீங்க, அது தண்ணியில உள்ள ஃப்ளோரைடால மட்டும்னு முடிவு பண்ணாதீங்க, சின்ன வயசுல ஃப்ளோரைடு பேஸ்ட்டை முழுங்கியிருந்தாலும் வரும், பல்லோட மேல் அடுக்கான எனாமல் ஈறுக்குள்ள உருவாகுறப்பவே விழுற திட்டு அது, இப்ப ஃபில்டர் மாத்தி மறையாது.

முதல்ல தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிப் பாருங்க. அமெரிக்காவுல தண்ணியில சேர்க்கச் சொல்ற ஃப்ளோரைடு அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்ற உச்சவரம்பு 1.5. இந்த 1.5-ஐத் தாண்டுனாதான் ஆர்ஓ யோசிங்க.

ஒண்ணு, ஈறு ஓரமா சாக்பீஸ் மாதிரி சொரசொரன்னு இருந்தா அது சொத்தையோட ஆரம்பமா இருக்கலாம், அப்ப சொத்தையைத் தடுக்குற ஃப்ளோரைடை நிறுத்துறது தப்பு, தயவுசெஞ்சு பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவெடுங்க.