மிதவை விமானம் பழகுமுன் தண்ணீருக்குள் தலைகீழாக இருந்து பாருங்கள்

தம்பி, வன்கூவருக்குப் பக்கத்திலுள்ள சரேக்கு வந்து இரண்டு வருடத்துக்குள் விமானி உரிமம் எடுத்துவிட்டதாகவும், வரும் கோடையில் சில்லுக்குப் பதிலாக மிதவைகளோடு தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் பழக விரும்புவதாகவும், செலவு எவ்வளவு, எப்படி ஆயத்தமாவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். செலவைப் பயிற்சிப் பள்ளியிடமே கேளுங்கள். நான் கட்டிய தொகை இன்று உதவாது. கனடாச் சட்டம் கேட்பது குறைந்தது 7 மணி நேரப் பயிற்சி. அதில் 5 மணி நேரம் ஆசிரியரோடு. அத்துடன் 5 தடவை நீங்கள் தனியாகவே எழும்பி இறங்க வேண்டும். எழுத்துப் பரீட்சை இல்லை. ஏழு மணி நேரம்தானே என்ற நினைப்புத்தான் எனக்குப் பயத்தைத் தருகிறது.

முதல் வேலையாக, கவிழ்ந்த விமானத்திலிருந்து வெளியேறும் பயிற்சிக்குப் போங்கள். வல்வெட்டித்துறைக் கரையில் வளர்ந்த எனக்கு நீச்சலை யார் சொல்லித்தருவது என்ற செருக்கு இருந்தது. குளத்தில் கூண்டு போன்ற இருக்கையில் வாரால் கட்டித் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். மூக்கால் தண்ணீர் ஏற, பதற்றத்தில் முதலில் வாரைக் கழற்றினேன். உடம்பு எங்கோ மிதந்து போக, கதவின் பிடி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பயிற்றுநர்தான் இழுத்தெடுத்தார். ஒரு கையால் நிலையான ஒன்றைப் பிடித்தபடி கதவைத் திறந்து, அதன் பிறகே வாரைக் கழற்ற வேண்டும். உயிர்காப்பு அங்கியை வெளியே வந்த பின்புதான் ஊத வேண்டும், உள்ளே ஊதினால் அதுவே உங்களை மேலே தூக்கி, வெளியேற விடாமல் உள்ளேயே அழுத்திவிடும். 2009 நவம்பரில் இங்குள்ள சற்றுர்னா தீவருகே பீவர் என்ற வகை மிதவை விமானம் ஒன்று கடலில் விழுந்தபோது இருந்த 8 பேரில் விமானியும் ஒரு பயணியும் மட்டுமே தப்பினார்கள். மற்ற ஆறு பேரும் வெளியேற முடியாமல் மூழ்கிப் போனார்கள். வாடகைக்கு ஓட்டும் விமானிகளுக்கு இன்று இந்தப் பயிற்சி கட்டாயம். சொந்தமாக ஓட்டும் உங்களை ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள் என்பதால்தான் நான் வற்புறுத்துகிறேன்.

இரண்டாவது, தண்ணீரைப் பார்க்கப் பழகுங்கள். அலையடிக்கும் நீரைவிடக் கண்ணாடி போல அசையாத நீரே ஆபத்தானது. உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. அப்போது கரையை ஒட்டி, எஞ்சினுக்குச் சற்று வலுக் கொடுத்து, மிக மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் தானாக வந்து மிதவையைத் தொடும். பிட் ஏரிக்குப் போனால் அது உள்நாட்டு ஏரி என்று ஏமாறாதீர்கள், அங்கும் கடலைப் போல நீர் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு உண்டு. பிரேசர் ஆற்றில் மரக்குற்றிகள் தலை மட்டும் தெரிய மிதக்கும். புறப்படுமுன் மிதவையின் ஒவ்வொரு அறையிலும் கைப்பம்பால் நீரை இறைத்து, எத்தனை இழுப்பு வந்தது என்று எண்ணுங்கள். நேற்றைவிட அதிகமென்றால் எங்கோ ஒழுகுகிறது. பிரேக் கிடையாது, எஞ்சின் இயங்கியதும் விமானம் நகரத் தொடங்கிவிடும்.

நம்மவர்கள் இதைக் கேள்விப்பட்டதும், இந்தக் காசுக்கு வீட்டுக்கடனைக் குறைத்திருக்கலாமே என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அடுப்படியைத் தாண்டி இந்த நாட்டின் கடலைத் தொட்டும் பார்க்காதவர்கள் அவர்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

1990 கார்த்திகையில் வந்திறங்கி, வன்கூவரில் மிதவை விமானங்கள் வந்திறங்கும் கோல் துறைமுகத்துக்கு அருகே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பின்கதவடியில் நின்றால், மழைக்குள் ஒரு விமானி எஞ்சினை நிறுத்திவிட்டு மிதவையில் இறங்கி, கயிற்றோடு துறையில் தாவுவது தெரியும். அதைச் செய்ய எனக்கு இருபது வருடம் எடுத்தது. முதல் நாள் நானும் தாவி, துறையிலிருந்த இரும்புக் கொம்பில் அப்பா வள்ளம் கட்டும் முடிச்சைப் போட்டு, பெருமையோடு ஆசிரியரைப் பார்த்தேன். அவர் குனிந்து அதை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. அவசரத்துக்கு ஒரு கையால் அவிழ்க்க முடியாத முடிச்சு இங்கே முடிச்சே இல்லை என்று சொல்லி, திரும்பக் கட்ட வைத்தார்.