பையனுக்கு 18 முடிந்து கார் லைசென்ஸ் வந்துவிட்டது. ஊட்டி மலைப்பாதையில் தனியாக ஓட்ட அனுப்பலாமா?

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே சாவியைக் கேட்டிருப்பான், வீட்டில் சண்டையும் வந்திருக்கும். கொடுங்கள். ஆனால் மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

நான் கோத்தகிரிக்காரன். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப் பிக்கப் ஓட்டுகிறேன். என் மகள் எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்ட்டில் பாஸ் ஆனாள். அடுத்த வாரமே, "ஃப்ரெண்ட்ஸோட கோயம்புத்தூர் போய்ட்டு வரேம்ப்பா" என்றாள். முதல்ல இறங்கக் கத்துக்கோ என்றேன். "லைசென்ஸ் கொடுத்த கவர்மெண்டுக்கே பயமில்ல, உனக்கு எதுக்குப்பா?"

அவளுக்கு டெஸ்ட் நடந்தது சமதளத்தில். மலையில் ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்குவதுதான் வேலை. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இன்ஜினையும் அணைப்பவர்கள் உண்டு. ஸ்டியரிங் இறுகிவிடும், நாலு மிதி மிதித்தால் பிரேக்கும் கல்லாகிவிடும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் பாதிப்பேருக்குத் தெரியாது.

அதனால் எங்கள் வீட்டில் படிப்படியாகத்தான். முதலில் பகலில், பக்கத்தில் நான். அப்புறம் பகலில் தனியாகக் குன்னூர் வரை. ஃப்ரெண்ட்ஸை ஏற்றுவது அதற்கும் அப்புறம். இரவும் மிஸ்ட்டும் கடைசி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தில் 1987லேயே சட்டமாக்கிவிட்டார்கள். சிட்னியில் இருக்கிற மச்சான் மகன் 25 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தவன். 120 மணி நேரம் ஓட்டி நோட்டில் எழுதிக் காட்டினானாம், அதில் 20 மணி நேரம் இரவில். அதற்குப் பிறகுதான் புது டிரைவர் என்று காட்ட வண்டியில் மாட்டும் சிவப்பு 'பி' போர்டு, அப்புறம் பச்சை. சிவப்பு போர்டு இருக்கும்வரை இரவு 11 மணிக்கு மேல் 21 வயதுக்குக் கீழே ஒருவரைத்தான் ஏற்றலாம். நம் ஊரிலோ ஒரே டெஸ்ட், எல்லாக் கதவும் திறந்துவிடும்.

பொம்பளப் பிள்ளை என்பதால் கட்டுப்பாடா என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். தம்பிக்காரனுக்கு வயது 16, புல்லட் சாவியைத் தொடக்கூட விடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில், மைனர் ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை சிறை. ஓட்டிய மைனருக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடையாது. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உண்மையில் என் கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. சீசனில் கீழே இறங்குகிற வண்டிகளை எல்லாம் எங்கள் ரோட்டில் திருப்பி விடுகிறார்கள். வளைவிலேயே நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர் நாற்பது வயதுப் பெரியவர்! பின்னால் என் கேரட் காய்கிறது. லேட்டாகப் போனால் மண்டியில் கேட்கிற விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான், டீசல் காசு யார் தருவது?

மகள் இப்போது குன்னூருக்குத் தனியாகப் போய்வருகிறாள். கோயம்புத்தூர், மழை முடிந்த பிறகு.