கால்வாய் முறைத் தண்ணீர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் 8,000 கன அடி வருகிறதாம். எத்தனை டி.எம்.சி.? (பென்னாகரம்)

ப: விநாடிக்கு 11,500 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. (100 கோடி கன அடி). 8,000 என்றால் நாளுக்கு 0.7.

கே: கர்நாடகத்தோடு உள்ள தென்பெண்ணை ஆற்றுத் தகராறை உச்ச நீதிமன்றமே நேரடியாகத் தீர்க்கலாமே? (ஓசூர்)

ப: 1956-ம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டப்படி முதலில் பேச்சுவார்த்தை, தீராவிட்டால் நடுவர் மன்றம். நடுவர் மன்றம் அமைக்கக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் 2019-ல் தமிழகத்தின் மனு தள்ளுபடியானது.

கே: எங்கள் கால்வாயில் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வது?

ப: எந்தக் கால்வாய், எந்த மடை, எத்தனை ஏக்கர்? ஒன்றையும் எழுதாமல் பதில் கேட்டால் எப்படி? எழுதி அனுப்புங்கள்.

கே: முறை வைத்தும் தலைமடைக்கும் கடைமடைக்கும் சண்டை ஓயவில்லை. மொத்தம் 40 ஏக்கர். (காவேரிப்பட்டினம்)

ப: கடிகாரத்தை மட்டும் பார்த்து முறை விட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? வாரத்துக்கு 168 மணி நேரம். காய்ந்த கால்வாய் நிரம்ப 8 மணி பிடிக்கிறது என்றால் அதை முதலில் கழியுங்கள். மிச்சம் 160, ஏக்கருக்கு 4 மணி. அந்த 8 மணியைக் கடைமடைக்காரர் தலையில் கட்டுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். அதேபோல், மதகு அடைத்த பிறகும் கால்வாயில் கிடந்து அவர் வயலுக்கு வடிகிற தண்ணீரை அவர் கணக்கில் கழிக்க வேண்டும், அதுவும் நியாயம்தான். ஒருவருக்கே ராத்திரி முறை விழாமல் ஒவ்வொரு சுற்றையும் 12 மணி தள்ளித் தொடங்குங்கள்.

அடுத்தது அளவு. மணி அதே நாலுதான், ஆனால் நடுவில் நீர் பாதியாகக் குறைந்தால்? 90 பாகை 'வி' வெட்டுப் பலகை ஒன்றைக் கால்வாயில் நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் 10 செ.மீ. நீர் நின்றால் விநாடிக்கு 4 லிட்டர் சொச்சம், 15-க்கு 12, 20-க்கு 25. உயரம் இரட்டித்தால் நீர் ஐந்தரை மடங்கு! "பாதி உயரம், பாதித் தண்ணீர்" என்று கண்ணளவில் பேசுபவர்கள் இதைப் படிக்கட்டும். வெட்டிலேயே ஸ்கேல் வைத்துவிடாதீர்கள். அங்கே நீர் வளைந்து இறங்கும், அளவு குறைவாகக் காட்டும். உயரத்தைப் போல நாலு மடங்கு தூரம், நீர் வருகிற பக்கமாகத் தள்ளி அளக்கணும். பலகைக்குக் கீழே நீர் தேங்கினாலும் கணக்கு தப்பு. ஒவ்வொரு முறை மாறும்போதும் நேரம், உயரம் இரண்டையும் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

கே: கெலவரப்பள்ளி அணை நீரில் நுரை வருகிறது. பாய்ச்சலாமா?

ப: நுரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் (EC) மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் (dS/m) இருந்தால் உப்பு பற்றிக் கவலையில்லை, 3-ஐத் தாண்டினால் தவிர்க்கவும். சோப்புக் கழிவு, ஆலைக் கழிவு இதில் தெரியாது. அவற்றைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கே: என் முறையில் கால்வாயிலிருந்து மோட்டார் வைத்து எடுக்கலாமா?

ப: கூடாது. 5 எச்.பி. மோட்டார் 20 மீட்டர் ஏற்றத்துக்கே விநாடிக்கு 9, 10 லிட்டர் இழுக்கும். உங்கள் முறை முடிந்தும் அது ஓடினால், மேலே சொன்ன 25 லிட்டரில் அடுத்தவருக்கு 15 கூட மிஞ்சுவது கஷ்டம்.