ஆச்சியின் பிஸ்கட்டும் மணியின் குரைப்பும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், நெல்லைச் சீமைக் கிராமங்களில் 31 ஆண்டுகள் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா.

கேள்வி: வீட்டில் ஐந்து மாதக் கன்னி இன நாய்க்குட்டி வளர்க்கிறோம். பெயர் மணி. என் வீட்டுக்காரர் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாங்கி வந்தார். ஒரு நிமிடம் சும்மா இருக்காது. காலையில் பால்காரர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே குரைக்க ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். அப்புறம் குழி. புறவாசலில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒன்று, பிச்சிக் கொடிக்கு அடியில் ஒன்று, சுவரோரமாக ஒன்று. சுவரோரக் குழியைத் தினமும் மூடுகிறோம், தினமும் தோண்டுகிறது. மூன்று பிச்சிச் செடி போயாச்சு. சாயங்காலம் ஆச்சி டிவி பார்க்கும்போது முன்னால் உட்கார்ந்துகொண்டு குரைக்கும், ஆச்சி ஒரு பிஸ்கட் போட்டால்தான் நிற்கும். பகலெல்லாம் சங்கிலியில்தான் இருக்கிறது. அடித்தும் பார்த்துவிட்டோம். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்ய?
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்று குழி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் எங்கே என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அது போதும்.

முதலில் துவைகல் குழி. அங்கே தண்ணீர் சொட்டி மண் எப்போதும் ஈரமாக இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். நம் ஊர் பங்குனி, சித்திரை வெயிலில் மேல்மண் கொதிக்கும், ஒரு சாண் கீழே குளிர்ந்திருக்கும். மணி அந்தக் குழியைத் தோண்டிவிட்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். வயிற்றை மண்ணில் அழுத்திப் படுத்துவிட்டதா? அப்படியானால் அது சேட்டை இல்லை, படுக்கை போட்டுக்கொள்கிறது. நிழலில் ஒரு ஈரச் சாக்கை விரியுங்கள். பக்கத்தில் கவிழாத மண்சட்டியில் தண்ணீர் வைத்து, மத்தியானம் ஒரு தடவை மாற்றுங்கள். அந்தக் குழி தானாக நிற்கும்.

பிச்சிக் கொடிக்கு என்ன உரம் வைத்தீர்கள்? எலும்புத் தூளா? இல்லை, மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுகிறீர்களா? நம் பக்கத்தில் பல வீட்டில் அந்த வழக்கம் உண்டு, செடிக்கும் நல்லதுதான். ஆனால் மணியின் மூக்குக்கு அந்த இடத்தில் யாரோ சாளை மீனைப் புதைத்து வைத்த மாதிரி இருக்கும். சாணி எருவுக்கு மாறுங்கள். தூரைச் சுற்றிக் கையகலக் கற்களை நெருக்கமாகப் பதித்துவிடுங்கள். காலுக்குக் கல் தட்டினால் குட்டி விட்டுவிடும்.

சுவரோரக் குழிதான் எனக்குக் கவலை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். செவலை என்று ஒரு நாய் இருந்தது. அடுக்களைச் சுவருக்கு வெளியே ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தோண்டியது. தோண்டுகிற விதமே வேறு. முதலில் காதை முன்னால் மடக்கி, தலையைச் சாய்த்துக் கேட்கும். மூக்கை மண்ணில் வைத்து இரண்டு தடவை உறிஞ்சும். அப்புறம்தான் முன்னங்கால் இரண்டும் மாறி மாறிப் போகும், மண் பின்னால் வந்து விழும். நடுவில் நிறுத்தி மறுபடியும் கேட்கும். நான் அதை அடித்தேன். ஒரு ஐப்பசி மழையில் அடுக்களைத் தரை ஓரிடத்தில் உள்வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அஸ்திவாரத்துக்கு அடியில் பெருச்சாளி வளை போட்டிருக்கிறது. செவலை மாதக்கணக்கில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே மணி ஒரே இடத்தைத் தினமும் தோண்டினால் அங்கே பெருச்சாளியோ எலியோ இருக்கிறதா என்று பாருங்கள். வளை இருந்தால் எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைக் குட்டி தின்றால் அதுவும் போய்ச் சேரும். கூண்டு வையுங்கள், வளையைக் கல்லும் சிமெண்டும் போட்டு அடையுங்கள். எலியின் மூத்திரத்தால் வருகிற எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். குட்டிக்குப் போட்ட கூட்டு ஊசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்திலேயே போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே போய்ப் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்றும் கவனியுங்கள். தோண்டுவது வேறு, மண்ணைத் தின்பது வேறு. தின்றால் வயிற்றில் பூச்சி இருக்கலாம், சாப்பாட்டில் சத்துக் குறையலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, இந்த மூன்று காரணத்தையும் நீக்கிவிட்டாலும் மணி தோண்டும். ஏனென்றால் அதற்குப் பொழுது போகவில்லை. கன்னி என்பது கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய். ஒட்டிய வயிறு, நீண்ட கால், தூரத்தில் ஒரு புல் அசைந்தாலும் பார்க்கிற கண். (முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்த ஆசையில் யாராவது கூட்டிப்போகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.) அப்படிப்பட்ட உடம்பைப் பகல் முழுக்க ஆறடிச் சங்கிலியில் கட்டினால் அது குரைக்காமல் என்ன செய்யும்? 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், வழக்கமாகக் கட்டிப்போடுகிற நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம் என்று எழுதியிருக்கிறது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, தங்கச்சி. சட்டம் எழுதியவர்களுக்கே அது கொடுமை என்று தெரிந்திருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

காலையில் ஆறரைக்கு முன்னால் அரைமணி நேரம், சாயங்காலம் வெயில் தாழ்ந்து அரைமணி நேரம் நடத்திக் கூட்டிப்போங்கள். புறங்கையைத் தார்ரோட்டில் வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் அதன் காலுக்கும் பொறுக்காது. வாய்க்கால் கரை நல்ல இடம், ஆனால் வாரைக் கையிலிருந்து விடாதீர்கள். கன்னிக்குட்டி ஒரு அணிலைப் பார்த்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது.

அப்புறம் அதற்கென்று ஒரு குழி கொடுங்கள். வேப்பமர நிழலில் பாய் அளவுக்கு ஓர் இடம். சுற்றிலும் நாலு செங்கல், உள்ளே ஒரு முழம் ஆழத்துக்கு ஆற்று மணல். உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு நாலைந்தை மேலாகப் புதைத்து, மணி பார்க்கும்போதே நீங்கள் கையால் கிளறிக் காட்டுங்கள். வேறு இடத்தில் தோண்டினால் திட்ட வேண்டாம், கூட்டிவந்து இங்கே விடுங்கள். இங்கே தோண்டினால் தட்டிக்கொடுங்கள். நாள் ஆக ஆகத் துண்டை ஆழமாகப் புதையுங்கள். பத்து நிமிடம் மோப்பம் பிடித்துத் தேடினாலே குட்டி களைத்துப் படுத்துவிடும். ஓடினால்கூட அவ்வளவு களைப்பு வராது. நான் பல வீடுகளில் கண்ணால் பார்த்தது இது.

இப்போது குரைப்புக்கு வருவோம். பால்காரர் வருகிறார். மணி குரைக்கிறது. அவர் பாலை ஊற்றிவிட்டுப் போகிறார். மணியின் கணக்கில் என்ன நடந்தது? ‘நான் குரைத்தேன், அந்த ஆள் ஓடிவிட்டான்.’ தினமும் ஜெயிக்கிறது. ஜெயிக்கிற வேலையை யார் விடுவார்கள்? நீங்கள் போடும் சத்தம் அதற்கு, வீட்டு ஆட்களும் சேர்ந்து குரைக்கிற மாதிரி இருக்கிறது. அடித்தால் பால்காரர் வரும்போதெல்லாம் அடி விழுகிறது என்று அவர் மேல்தான் வெறுப்பு வளரும்.

மாற்றிச் செய்யுங்கள். முதலில் பால்காரர் இல்லாமல் பழக்குங்கள். வீட்டில் ஒருவர் வெளியே போய்க் கதவை இரண்டு தட்டுத் தட்டட்டும். மணி இரண்டு தடவை குரைக்கட்டும், ஆள் வந்ததைச் சொல்வது நாயின் உரிமை. உடனே அவித்த முட்டைத் துண்டு ஒன்றை, சுண்டுவிரல் நகம் அளவு போதும், அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோங்கள். மோந்து பார்ப்பதற்காக வாயை மூடும். மூடிய அந்த நொடியில் ‘போதும்’ என்று சாதாரணக் குரலில் ஒரே தடவை சொல்லி, துண்டைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வேளைக்கு எட்டுப் பத்துத் தடவை. இரண்டு நாள் கழித்து, வாயை மூடியபின் இரண்டு விநாடி பொறுத்துக் கொடுங்கள். அப்புறம் ஐந்து, அப்புறம் பத்து. குரைத்துக்கொண்டிருக்கும்போது ‘போதும் போதும்’ என்று அடுக்காதீர்கள், அந்தச் சொல்லுக்கு மதிப்பே போய்விடும். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘சும்மா இரு’, இன்னொருவர் ‘ஏய்’ என்றால் குட்டிக்குப் புரியாது.

இது பிடிபட்ட பிறகு பால்காரர். வண்டிச் சத்தம் கேட்கும்போதே குட்டியை வாசலில் வைத்திருக்காதீர்கள். வாரைப் பிடித்துக்கொண்டு உள்ளே தார்சாவில், அதாவது வீட்டுக் கூடத்தில், உட்காருங்கள். சத்தம் கேட்டதும் முட்டை, வண்டி போனதும் முட்டை நிறுத்தம். வண்டிச் சத்தம் என்றால் நல்லது வரும் என்று அதற்குப் படிய வேண்டும். வாரத்துக்கு இரண்டடி வாசல் பக்கம் நகருங்கள். கம்பிக் கேட்டாக இருந்தால் கீழ்ப்பாதியில் ஓலைத் தட்டியோ தகரமோ அடித்து மறையுங்கள். தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்க்காமல் இருந்தாலே பாதிக் குரைப்பு குறையும்.

கடைசியாக ஆச்சி. ஆச்சிக்கு என் வணக்கம். மணியைக் குரைக்கப் பழக்குவது, தெரியாமல்தான், ஆச்சியின் பிஸ்கட். குரைத்தால் பிஸ்கட் வரும் என்று அது நன்றாகப் படித்துவிட்டது. கொடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கொடுக்கிற நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். குரைக்கும்போது அதன் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. வாயை மூடிப் படுத்து, ஆச்சி மனசுக்குள் இருபது எண்ணி முடிக்கிற வரை பேசாமல் இருந்தால் கொடுக்கலாம். பிஸ்கட்டைவிட ஒரு கடி இட்லி நல்லது. முதல் மூன்று நான்கு நாள் குரைப்பு முன்னைவிட அதிகமாகும். அப்போது இரக்கப்பட்டு ஒரு தடவை போட்டுவிட்டால், இன்னும் சத்தமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று படித்துக்கொள்ளும். அந்த நான்கு நாளை மட்டும் வீடே சேர்ந்து தாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். சமையல்கட்டு மாதக் காலண்டரில் எங்கே தோண்டியது, எப்போது குரைத்தது என்று தேதிவாரியாகக் குறித்து வாருங்கள். குறைவது கண்ணுக்குத் தெரிந்தால் மாமியாருக்கும் நம்பிக்கை வரும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் அடிக்க ஆரம்பித்தால் எங்கள் ஏழு மாதக் குட்டி கட்டிலுக்கு அடியில் போய் இரவெல்லாம் குரைக்கிறது. வெளியே இழுத்துப் பழக்கலாமா?
– வாசகர், பணகுடி

பதில்: இழுக்காதீர்கள். அது பயக் குரைப்பு, அதற்குக் கண்டிப்பு மருந்து இல்லை. கொடைக்கு ஒரு மாதம் முன்பே போனில் நையாண்டி மேளச் சத்தத்தை, காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வைத்து, அந்த நேரத்தில் சாப்பாடு போடுங்கள். அது நிம்மதியாகச் சாப்பிட்டால் மட்டும் மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். கொடை அன்றைக்கு உள் அறையில், ஜன்னலை அடைத்து, ஃபேனை ஓடவிட்டு, உங்கள் பழைய சட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் நல்லது. அணைத்துத் தட்டிக்கொடுத்தால் பயம் கூடும் என்பார்கள். அதனால் பயம் அதிகமாகாது, தட்டிக்கொடுங்கள். அப்படியும் நடுங்கி, சாப்பாட்டைத் தொடாமல் இருந்தால், அடுத்த கொடைக்கு முன்பே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். மனிதர் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: தோண்டுகிற குழியில் மிளகாய்ப் பொடி போட்டால் நாய் வராது என்கிறார்களே?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: போடாதீர்கள். மூக்கிலும் கண்ணிலும் பட்டால் துடித்துப்போகும், காலில் ஒட்டியதைக் கண்ணில் தேய்த்துக்கொள்ளும். இரண்டு மழைக்குப் பொடியும் இருக்காது, குழி மட்டும் இருக்கும். அந்த இடத்தில் கோழி வலையைத் தரையோடு படுக்கப் போட்டு, கூர்முனைகளைக் கீழே மடக்கி, நாலு விரற்கடை மண் போட்டு மூடுங்கள். ஏற்கெனவே மிளகாய்ப் பொடி போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே அந்த மேல்மண்ணை அள்ளி எடுத்துவிட்டு, குட்டியின் முகத்தையும் காலையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கண் சிவந்திருந்தாலோ இடுக்கிக்கொண்டிருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.