செதிலை எண்ணினால் மீனின் வயது தெரியுமா?

“பிடித்த மீனின் நீளத்தை வைத்து வயதைச் சொல்லலாமா? செதிலில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும் என்கிறார்களே, அதை வீட்டிலேயே பார்க்க முடியுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நீளத்தை நம்பாதீர்கள். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளிலேயே நன்றாகத் தின்றது இரண்டு மடங்கு பெரிதாகிவிடும்.

செதிலைப் பார்க்கலாம், வீட்டிலேயே முடியும். மீனின் பக்கவாட்டில், முன்துடுப்பின் நுனிக்குச் சற்றுப் பின்னாலிருந்து ஐந்தாறு செதில்களை எடுத்து வழுவழுப்புப் போகக் கழுவி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே அழுத்தி, உருப்பெருக்கியில் பாருங்கள். மெல்லிய கோடுகள் ஏராளமாக இருக்கும். அவை ஒவ்வொன்றும் ஒரு வருடம் அல்ல. கோடுகள் நெருங்கி, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் இடம்தான் ஆண்டு வளையம். குளிரிலோ இரை குறைந்தபோதோ வளர்ச்சி மந்தமான காலத்தின் தடம் அது. நடுவில் கோடே இல்லாமல் சொரசொரப்பாக இருந்தால் அது உதிர்ந்து மறுபடி முளைத்த செதில். தூக்கிப் போடுங்கள். ஒன்றுக்கு மேல் எடுக்கச் சொன்னது இதனால்தான்.

ஆனால் செதில் இளம் மீனுக்குத்தான் சரி. வயதான மீனில் ஓரத்து வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். பட்டினி கிடந்தால் ஓரமே கரைந்தும் போகும். அப்புறம், வருடம் முழுக்க வெதுவெதுப்பான நீரில் முட்டையிடும் காலம்கூடத் தடம் விடும் என்பதால் ஒரே வருடத்தில் இரண்டு வளையம் விழலாம்.

நான் நம்புவது காதுக்கல்லை. மண்டையைத் திறந்து மூளையை விலக்கினால் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கல் கிடக்கும். சிறிய கற்களையும் சேர்த்தால் மொத்தம் மூன்று ஜோடி. பெரும்பாலான மீன்களில் பெரியதாக இருக்கும் ஜோடி, கெண்டையில் ஊசி போல மெலிந்திருக்கும். அங்கே மற்ற ஜோடிகளைத்தான் பார்க்க வேண்டும். பட்டினியிலும் இந்தக் கல் கரையாது. நடுவில் உடைத்து, உடைந்த முகத்தைத் தீயில் லேசாக வாட்டி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வளையங்கள் பழுப்பாக எழும்பும். குஞ்சு மீனின் கல்லை மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் நாள் வளையம்கூடத் தெரியும். 1971-இல் பன்னெல்லா என்ற விஞ்ஞானி கவனித்தது இது.

கல்லுக்கும் சாட்சி வேண்டும். வட அமெரிக்காவின் பிக்மவுத் பஃபலோ மீன் 26 வருடம்தான் வாழும் என்றிருந்தார்கள். 2019-இல் காதுக்கல்லை எண்ணியபோது ஒன்றுக்கு 112 வயது! 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் நீரில் கலந்த கதிரியக்கக் கார்பனை அந்தக் கற்களில் அளந்து, எண்ணிக்கை சரிதான் என்று உறுதி செய்தார்கள்.

சுறாவிடம் இப்படி எண்ணக்கூடிய கல் இல்லை. அதற்கு முதுகெலும்புக் கண்ணியை வெட்டிப் பார்ப்பார்கள்.